கடைமடைக்கு இணையம் போய்ச் சேர்வது எப்படி?

என் அத்தைக்குக் காவிரியின் கடைமடைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. தாத்தா எழுதிக்கொடுத்தது. மேட்டூர் அணை திறந்த செய்தி தொலைக்காட்சியில் ஓடி ஓய்ந்து பல நாள் கழித்துத்தான் அவர் வயலில் தண்ணீர் ஏறும். 4 மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய் வரும் பிஎம் கிசான் திட்டத்தில் அவர் பெயரும் இருந்தது. ஒழுங்காக வந்துகொண்டிருந்த பணம் ஒரு தவணையில் நின்றுபோனது. "என்னமோ கேஒய்சி முடிக்கணுமாம் தம்பி, என்னன்னு பாரு" என்றார். பணம் வாங்குபவர் அவர்தானா என்று சரிபார்ப்பதற்குத்தான் கேஒய்சி என்று பெயர்.

பக்கத்து ஊர் சேவை மையத்துக்கு அழைத்துப் போனேன். ஆதார் எண்ணைத் தட்டியதும் ஓடிபி போனது. போன எண் மாமாவுடையது. மாமா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரீசார்ஜ் செய்யாத அந்த சிம்மும் எப்போதோ செத்துவிட்டிருந்தது. சரி, ரேகை வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். நாற்பது வருடம் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களை எடுத்த கை. கட்டைவிரல்களைத் துடைத்துத் துடைத்து வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் சர்வர் இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் போக்குவரத்துச் செலவு மிச்சம். இரண்டு நாள் கூலி போனது போனதுதான்.

இத்தனைக்கும் அத்தை ஊரில் செல்போன் டவர் இருக்கிறது. சிக்னல் நாலு கோடும் காட்டும். "எங்க ஊருக்கு நெட் வந்துடுச்சு" என்று யாராவது சொன்னால் அது பொய்யில்லை. அப்படியானால் அத்தைக்கு வந்து சேராமல் போனது எது?

புத்தகங்களில் இதை 'டிஜிட்டல் உள்ளடக்கம்' என்ற தலைப்பில் பேசுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் சங்கடம் உண்டு. உள்ளடக்கம் என்றால் நூலின் முதல் பக்கத்துப் பட்டியலோ யூடியூபில் போடும் வீடியோவோதான் நினைவுக்கு வருகிறது. இங்கே பொருள் வேறு. பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் இலை விழ வேண்டும் என்பதுபோல, யாரையும் வெளியே நிறுத்தாமல் சேர்த்துக்கொள்வது. அதனால் 'டிஜிட்டல் சேர்ப்பு' என்றே எழுதுகிறேன். சேர்ந்தவர்களுக்கும் விடுபட்டவர்களுக்கும் நடுவே இருக்கும் தூரத்துக்கு 'டிஜிட்டல் இடைவெளி' என்று பெயர்.

எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான்: ஒருவர் தனக்குத் தேவையான வேலையை, தாங்கக்கூடிய செலவில், தனக்குப் புரிகிற மொழியில், யார் முன்னும் கூனிக் குறுகாமல், இணையம் வழியாக முடித்துக்கொள்ள முடிகிறதா? முடிந்தால் அவர் உள்ளே இருக்கிறார். இதை ஆராய்பவர்கள் மூன்று படி சொல்வார்கள். இணைப்பு இருக்கிறதா என்பது முதல் படி. அதைக் கையாளத் தெரிகிறதா என்பது இரண்டாவது. கையாண்டதால் வாழ்க்கையில் ஏதாவது கைக்கு வந்ததா என்பது மூன்றாவது. முதல் படியை எண்ணுவது சுலபம். டவரை எண்ணலாம், சிம்மை எண்ணலாம். மூன்றாவதை எண்ண ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உட்கார்ந்து பேச வேண்டும். பெருமிதமாக வெளியாகும் கணக்குகள் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆறும் வாய்க்காலும்

இணையம் ஊருக்கு வரும் வழி ஏறக்குறைய பாசனம்தான். கடலுக்கடியில் கிடக்கும் கேபிள்கள் சென்னை, மும்பை போன்ற நகரங்களில் கரையேறுகின்றன. அங்கிருந்து நெடுஞ்சாலை ஓரமாகப் புதைத்த கண்ணாடி இழைகள் மாவட்டத் தலைநகரங்களுக்குப் போகின்றன. தலைமுடி அளவே தடிமனுள்ள இழை; அதற்குள் ஒளியாகச் செய்தி பாய்கிறது. இதுவரை ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் நெருக்கமாக இருக்கும் இடம் வரை கம்பெனிகள் தாமாகவே இழுத்துவிடும், வருமானம் இருக்கிறது. ஒன்றியத் தலைமையிடத்தைத் தாண்டி ஊராட்சிகளுக்குக் கிளை வாய்க்கால் வெட்டுவதில்தான் சிக்கல். 300 வீடுள்ள ஊருக்கு 10 கிலோமீட்டர் இழை பதித்தால் போட்ட பணம் எப்போது திரும்பும் என்று எந்தக் கம்பெனியும் யோசிக்கும்.

அதற்காகத்தான் அரசு ஒரு நிதி வைத்திருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து 5 சதவீதம் வசூலித்து, லாபம் கிடைக்காத இடங்களுக்குத் தொடர்பு கொடுக்கச் செலவிடும் நிதி. 2002-இல் தொடங்கியது, இப்போது 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர். இதைக் கொண்டு நாட்டின் சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. பின்னால் பாரத்நெட் என்று பெயர் மாறிய அதே திட்டம்தான். ஓரிரண்டு ஆண்டில் முடிந்துவிடும் என்று தொடங்கிய வேலை பத்து வருடம் கடந்தும் நீண்டது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு இதைச் செய்ய தான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனத்தை அமைத்தார்கள்.

இழை ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து ஒரு பெட்டியில் முடிகிறது. ஊரார் பலருக்குத் தெரியாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் தாங்க பேட்டரி வேண்டும். குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போது இழை அறுந்தால் ஒட்ட வர ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பெட்டியிலிருந்து பள்ளிக்கூடம், துணை சுகாதார நிலையம், ரேஷன் கடை, வீடுகள் என்று அடுத்த கிளையை யாராவது இழுக்க வேண்டும். பெரிய வாய்க்காலில் தண்ணீர் நுங்கும் நுரையுமாக ஓடும், வயல் மடை அடைபட்டிருந்தால் பயிர் காய்ந்துதானே போகும்? ஊராட்சி இணைக்கப்பட்டுவிட்டது என்று கணக்கில் ஏறிய பிறகும் அந்த ஊர்ப் பிள்ளை செல்போன் டவரையே நம்பியிருப்பது இதனால்தான்.

டவரிலும் இதே கதை. ஒரு டவரின் கொள்ளளவை அதன் கீழே இருக்கும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு ஊரே வீடியோ பார்க்கத் தொடங்கினால் எல்லோருக்கும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மலைப்பகுதியில் நிலைமை இன்னும் மோசம். இடையில் ஒரு குன்று நின்றாலே அலை மறைந்துவிடும். 2020, 2021 கொரோனா ஆண்டுகளில் வகுப்புகள் ஆன்லைனுக்குப் போனபோது மலைக் கிராமத்துப் பிள்ளைகள் மரத்தின் மீதும் தண்ணீர்த் தொட்டியின் மீதும் ஏறி சிக்னல் தேடிய படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. அந்தப் படங்களை நான் இன்னும் மறக்கவில்லை. தமிழ்நாடு அரசு கல்வித் தொலைக்காட்சியில் பாடங்களை ஒளிபரப்பியதும், 2021-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களைத் தெருவுக்கே அனுப்பியதும் அந்தச் சூழலில் செய்த நல்ல வேலைகள். நெட் எட்டாத இடத்துக்கு டிவியும் ஆளும் எட்டினார்கள்.

போன் யாருடையது?

அடுத்தது கையில் இருக்கும் கருவி. 'வீட்டில் போன் இருக்கிறதா?' என்று கேட்டால் இன்று ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஆமாம் என்பார்கள். 'உங்களிடம் இருக்கிறதா?' என்று வீட்டுப் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதைக் கேட்டது. இந்திய ஊரகப் பெண்களில், தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்தவர்கள் பாதிக்கும் குறைவு. ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஊரகப் பெண்கள் 24.6 சதவீதம், ஊரக ஆண்கள் 48.7 சதவீதம். அதே ஊர், அதே டவர், ஒரே கூரை, ஆனால் இரண்டு மடங்கு வித்தியாசம். அதற்குப் பிறகு போன்கள் பெருகியிருக்கின்றன. ஆனாலும் டச் போன் பையனுக்கு, பழைய பட்டன் போன் அம்மாவுக்கு என்ற பங்கீட்டை நான் இன்றும் பல வீடுகளில் பார்க்கிறேன்.

இதனால் வரும் சிக்கல் சாதாரணமானதல்ல. அம்மாவின் வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் பதிந்திருப்பது பையனின் எண். பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் வேறு சிம் வாங்கிவிட்டால் அம்மாவின் கணக்குக்கான சாவி அவனோடு போய்விடுகிறது. ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டு, அதில் குறைந்தபட்ச இருப்பும் இல்லாவிட்டால் கம்பெனி துண்டித்துவிடலாம். பிறகு அதே எண் முகம் தெரியாத வேறொருவருக்குப் போகும். அத்தையின் கதையில் நடந்தது இதுதான். இதைத் தனிப்பட்ட அஜாக்கிரதை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆளுக்கு ஒரு எண், அது ஆயுளுக்கும் மாறாது என்ற நினைப்பில் கட்டிய அமைப்பு, எண்ணைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

ரீசார்ஜ் பற்றியும் சொல்ல வேண்டும். 28 நாள் திட்டம் என்பதால் வருடத்துக்கு 12 தடவை போட வேண்டியது 13 தடவையாகிறது. மக்கள் முறையிட்ட பிறகு, 30 நாள் செல்லும் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. பேசவும் எஸ்எம்எஸ் பெறவும் மட்டும் போன் வைத்திருப்பவர்கள் டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்டும் நிலை இருந்தது. அவர்களுக்குத் தனித் திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. பட்டன் போன் வைத்திருக்கும் முதியவர்களுக்கு இது பெரிய விஷயம். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் கடையில் 'டேட்டா இல்லாத பேக்' என்று கேட்டு வாங்கிக்கொடுங்கள். பட்டன் போனிலும் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் யூபிஐ 123பே வசதியை அறிமுகப்படுத்தியது. அதைத் தெரிந்து வைத்திருப்பவரை நான் ஊரில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

விரல் சொல்லும் பதில்

கைரேகை ஏன் விழுவதில்லை? விரல் நுனியில் உள்ள மேடு பள்ளங்களைத்தான் மெஷின் படிக்கிறது. சேற்றிலும் சிமெண்டிலும் சோப்புத் தண்ணீரிலும் வருடக்கணக்காக உழைத்த கையில் அந்த மேடுகள் தேய்ந்துவிடுகின்றன. வயதானால் தோல் வறண்டு சுருங்குகிறது. அதாவது, யாருக்கு அரசின் உதவி அதிகம் தேவையோ அவர் கையில்தான் ரேகை தேய்ந்திருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020-இல் கைரேகை முறை வந்தது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செல்போன் செயலியில் படம் எடுத்து வருகைப்பதிவு செய்வது கட்டாயமானது. 2024 ஜனவரி முதல் ஆதாருடன் இணைத்த கணக்கு வழியாகத்தான் கூலி என்றார்கள். போலிப் பெயர்களை நீக்க வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் படம் ஏறாமல் போனால், மண் சுமந்தவருக்கு அன்றைய கூலி கேள்விக்குறி. இணையம் ஒரு வசதியாக இருந்தவரை, இல்லாதவருக்கு அது கிடைக்காத ஒரு நன்மை, அவ்வளவே. அது கட்டாயமான நாளிலிருந்து, இல்லாதவர் ஏற்கெனவே தன் கையில் இருந்ததையும் இழக்கிறார். டிஜிட்டல் சேர்ப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம் நினைவில் வைக்க விரும்பினால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ஆகவே எந்தத் திட்டத்தையும் பார்க்கும்போது, மெஷின் கைவிரித்தால் அடுத்த வழி என்ன என்று கேட்க வேண்டும். கடைக்கு வர இயலாதவர் தன் சார்பில் வேறொருவரை ரேஷன் வாங்க அனுப்பப் படிவம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கே போகிறது. பிஎம் கிசானில் 2023-இல் முக அடையாளம் மூலம் கேஒய்சி முடிக்கும் வசதி சேர்த்தார்கள். இவை எல்லாமே கதவு அடைபட்டவர்களுக்காக வைத்த பக்கவாட்டு வாசல்கள். வாசல் இருந்தால் மட்டும் போதாது. அது இருப்பது கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கு அது. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டுங்கள் என்று கேஒய்சி கேட்கிறது; கண்ணே சிதைந்தவர் என்ன செய்வார்? 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை எட்டும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்து, கேஒய்சி முறைகளை எல்லோராலும் பயன்படுத்தக்கூடியதாக மாற்ற உத்தரவுகள் தந்தது. தீர்ப்பில் ஊரகம், விளிம்புநிலை மக்கள் பற்றியும் பேச்சு இருக்கிறது. இனி இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை.

தெரியாது என்று யார் சொன்னது?

அத்தைக்கு எழுதப் படிக்க ஓரளவுதான் வரும். ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குத் தினமும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். மைக் படத்தை அழுத்திப் பிடித்துப் பேசி, விரலை எடுத்தால் போய்விடுகிறது. யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அதே அத்தை ஒரு விண்ணப்பப் படிவத்தின் முன்னால் திணறுகிறார் என்றால் குறை அத்தையிடம் இல்லை. வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பணம் வந்ததா போனதா என்று தெரிந்துகொள்ளவே யாரிடமாவது போனை நீட்ட வேண்டியிருக்கிறது. அந்த நீட்டலில்தான் மோசடியும் நுழைகிறது.

கற்றுக்கொடுப்பதை எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கு, நம் பக்கத்திலேயே கேரளத்தில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சியில் நூறு நாள் வேலைக்காரர்கள் கூலி ஏறிவிட்டதா என்று பார்ப்பதற்கே வேலையை விட்டு வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். தங்கள் போனிலேயே பார்க்கத் தெரிந்தால் அந்த நாள் மிச்சமாகுமே என்று ஊராட்சி யோசித்தது. வேலை நடக்கும் இடத்திலேயே, ஓய்வு நேரத்திலேயே தன்னார்வலர்கள் கற்றுக்கொடுத்தார்கள். 2022-இல் கேரளத்தில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற முதல் ஊராட்சியாக அது அறிவிக்கப்பட்டது. அந்த வழியைப் பின்பற்றி மாநிலம் முழுக்க 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி தந்து, 2025 ஆகஸ்டில் மாநிலத்தையே அப்படி அறிவித்தார்கள். அறிவிப்பைவிட என்னைக் கவர்ந்தது அந்தத் தொடக்கம். 'கணினி என்றால் என்ன' என்று ஆரம்பிக்காமல், 'உன் கூலி வந்துவிட்டதா' என்று ஆரம்பித்தார்கள்.

நடுவில் நிற்கும் மனிதர்

எல்லோரும் எல்லாவற்றையும் தாமே செய்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்திரம் எழுதப் பத்திர எழுத்தரிடம் போகிறோம். நடுவில் ஒருவர் நிற்பது தவறில்லை. அவர் நம்பிக்கையானவராக, கணக்குச் சொல்பவராக இருக்க வேண்டும். இதை நம் மண்ணில் 1998-லேயே செய்து பார்த்திருக்கிறார்கள்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையம். சுற்றியுள்ள ஊர்களுக்குக் கம்பி இல்லை; கம்பியில்லா வானொலிக் கருவிகளால் இணைத்தார்கள். மின்வெட்டுக்குச் சூரியத் தகடு. ஊர் ஒரு இடமும் தன்னார்வலர்களும் தர வேண்டும், சாதி பார்க்காமல் எல்லோரும் வந்துபோகும் இடமாக அது இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். இந்த நிபந்தனை மிக முக்கியம் என்று நினைக்கிறேன். கணினியை எந்தத் தெருவில் வைக்கிறோம் என்பதே பாதிப் பேரை வெளியே நிறுத்திவிடக்கூடிய ஊர்கள் நம்முடையவை. டீக்கடையை ஒட்டி வைத்தால் பெண்கள் வரமாட்டார்கள். ஊர்த்தெருவுக்குள் வைத்தால் காலனிக்காரர் தயங்குவார்.

மையங்களில் என்ன கிடைத்தது? நெல் விலை, பேருந்து நேரம், ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கும் நாள், அரசுத் திட்டங்களின் பட்டியல். மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் கடலைப் பற்றிய செய்தி. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியாகும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கட்டுமரம் இறக்கும் முன் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். கேட்டவர்களில் ஒருவரும் கணினியைத் தொட வேண்டியிருக்கவில்லை.

அருகிலுள்ள நல்லவாடு கிராமத்திலும் அப்படி ஒரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர் இளைஞர், முன்பு அதே மையத்தில் தன்னார்வலராக இருந்தவர், தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்தார். ஊருக்குப் போன் செய்தார். செய்தி கேட்டவர்கள் மையத்துக்கு ஓடி ஒலிபெருக்கியில் ஊரை எச்சரித்தார்கள். 3,000-க்கும் மேற்பட்டவர்கள் கரையை விட்டு விலகி உயிர் தப்பினார்கள். ஒரு டெலிபோன், ஒரு குழாய் ஸ்பீக்கர், அந்த ஸ்பீக்கரில் வரும் குரலை நம்புவதற்கு அதற்கு முந்தைய வருடங்களில் பழகியிருந்த ஊர். இந்த மூன்றில் கடைசியானதைக் கடையில் வாங்க முடியாது.

எல்லா முயற்சியும் நிலைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2001 வாக்கில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில், சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்துக் கிராம இணைய நிலையங்கள் திறந்தார்கள். உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் முதலீடு போட்டு நடத்தினார்கள். சில வருடங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. கருவி பழுதானால் ஆள் வரத் தாமதம், வருமானம் கடனைக் கட்டவே போதவில்லை. ஊருக்குப் பொதுச்சேவை செய்யும் ஒருவரை வெறும் வியாபாரக் கணக்கில் விட்டால் அவர் தாக்குப்பிடிக்க மாட்டார் என்பது அன்றே தெரிந்துபோன விஷயம். இன்றைய இ-சேவை மையங்களை நடத்துபவர்களிடம் பேசினாலும் கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்ற அதே குறையைக் கேட்கலாம்.

நிலைத்து நின்றதற்கும் அதே மதுரைப் பக்கம்தான் உதாரணம். அரவிந்த் கண் மருத்துவமனை சிறு ஊர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. தேனி மாவட்டத்தில் தொடக்க காலத்தில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, நெடுந்தூரத்துக்கு எட்டும்படி மாற்றிய வைஃபை மூலம் மையங்களை மருத்துவமனையோடு இணைத்தார்கள். உள்ளூர்ப் பெண் ஒருவர், பயிற்சி பெற்றவர், கண்ணைச் சோதிப்பார். மருத்துவர் மருத்துவமனையில் இருந்தபடி வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். கண்ணாடி போதுமா, புரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். வந்த பாட்டிக்கு இணையம் என்ற சொல்லே தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண் தெரிந்தால் போதும். நான் முன்னால் சொன்ன மூன்றாவது படி, வாழ்க்கையில் ஏதாவது கைக்கு வந்ததா என்ற அந்தப் படி, இங்கே நேராகவே எட்டப்பட்டுவிடுகிறது.

உங்கள் ஊரைப் பார்க்க

இதெல்லாம் புரிந்தபின் உங்கள் ஊரை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஊராட்சி அலுவலகத்தில் கண்ணாடி இழைப் பெட்டி இருக்கிறதா, அதில் விளக்கு எரிகிறதா? பள்ளிக்கு அதிலிருந்து இணைப்பு போயிருக்கிறதா? இ-சேவை மையத்தில் கட்டணப் பலகை கண்ணில் படும்படி தொங்குகிறதா, ரசீது தருகிறார்களா? சக்கர நாற்காலி உள்ளே போகுமா? கிராம சபையில் இவற்றைக் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று நாள் குறித்தே கூடுகிறது. சாலையையும் குடிநீரையும் கேட்பதுபோல இதையும் கேளுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஆதாரிலும் வங்கியிலும் எந்த எண் பதிந்திருக்கிறது என்று இன்றே பாருங்கள். வந்த ஓடிபி எதற்கானது என்று படித்துத் தெரிந்துகொள்ளாமல் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று பழக்குங்கள். பணம் மோசடியில் போய்விட்டது என்று தெரிந்தால் திட்டுவதில் நேரத்தைக் கழிக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

அத்தையின் வேலை கடைசியில் முடிந்தது தபால்காரரால். ஆதாரில் செல்போன் எண்ணை மாற்றும் வேலையை 2021 முதல் தபால்காரர்களே வீட்டுக்கு வந்து செய்கிறார்கள். எங்களிடம் அப்போது வாங்கிய கட்டணம் 50 ரூபாய். அவர் சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். கட்டைவிரல் விழவில்லை. "அவசரமே இல்ல ஆத்தா, எல்லா விரலையும் பாப்போம்" என்றார். கையை வெந்நீரில் கழுவி, துண்டால் துடைத்து, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். இடது கை மோதிர விரலில் பச்சை விளக்கு எரிந்தது. இப்போது அத்தையிடம் அவருக்கென்று ஒரு எண் இருக்கிறது. அதை என்னை எழுதச் சொல்லி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார்; கீழே, எந்த விரல் என்றும் எழுதச் சொன்னார்.